விண்டோஸ் அல்லாத கணினிகளில் பாதுகாப்பு ஏஜென்ட்டுகள்: நிறுவல் தேவைகளின் உட்பொருள்

பாதுகாப்பு மென்பொருள் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஏஜென்ட்டை எந்தெந்தக் கணினிகளில் நிறுவலாம் என்று ஒரு தேவைப் பட்டியலை வெளியிடுகிறது. ஏஜென்ட் என்பது கணினியின் பின்னணியில் இடைவிடாது ஓடிக்கொண்டு, அங்கே எந்த நிரல் தொடங்குகிறது, எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது, எந்த முகவரிக்கு இணைப்பு போகிறது என்பவற்றைக் கவனித்து, கண்டதை ஒரு மையச் சர்வருக்கு அறிவித்து, தேவைப்படும்போது தீங்கான செயலைத் தடுத்து நிறுத்தும் மென்பொருளாகும். பட்டியலைப் படிப்பவர் வழக்கமாக ரேம், வட்டு இடம், ப்ராசஸர் ஆகிய மூன்றையும் சரிபார்த்துவிட்டு நிறுவலுக்கு இசைவு தந்துவிடுகிறார். இம்மூன்றும் அந்தப் பட்டியலில் மிக எளிதாக நிறைவேறக்கூடியவை. மைக்ரோசாஃப்ட் தன் டிஃபெண்டர் ஏஜென்ட்டை லினக்ஸில் நிறுவ ரேமில் 1 ஜிபியும் வட்டில் 2 ஜிபியும் கேட்கிறது, இன்று ஓடும் சர்வர்களில் இந்த அளவு இல்லாதது அரிது. நிறுவல் தோற்கும் இடம் பெரும்பாலும் வேறு. அதைவிடக் கெடுதலானது, நிறுவல் தோற்றதே தெரியாமல் போகும் நிலை: ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்கும், மையத் திரையில் அதன் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரியும், ஆனால் அந்தக் கணினியில் நடப்பது எதுவும் அதன் கண்ணில் படாது.

லினக்ஸிலும் மேக் கணினிகளிலும் தேவைப் பட்டியல் உண்மையில் சொல்ல வருவது, ஏஜென்ட் எந்த இடத்தில் நின்று பார்க்கலாம், அந்த இடத்தை அதற்குக் கொடுப்பவர் யார் என்ற இரண்டையும்தான். விண்டோஸில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. அங்கே இயங்குதளம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மற்றவர்களின் காவல் மென்பொருள் எந்தெந்த வாயில்களில் நிற்கலாம் என்று அந்நிறுவனமே வரையறுத்து, பதிப்புக்குப் பதிப்பு அவற்றைப் பெருமளவு மாறாமல் வைத்திருக்கிறது. லினக்ஸில் அப்படி ஒரே உரிமையாளர் இல்லை. மேக்கில் உரிமையாளர் உண்டு, ஆனால் அவர் 2017 தொடங்கி வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்து, புதியவற்றை வேறு இடங்களில் திறந்து வருகிறார். ஆகவே இவ்விரண்டிலும் தேவைகள் ஒருமுறை சரிபார்த்து மூடிவைக்கும் பட்டியலாக அமைவதில்லை; இயங்குதளத்தின் ஒவ்வொரு புதுப்பித்தலோடும் அவையும் நகர்கின்றன.

இதை விளக்கக் கெர்னல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை நேரடியாகக் கையாளும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. மற்ற நிரல்கள் எல்லாம் பயனர் வெளி எனப்படும் வெளிப்பகுதியில் இயங்கி, ஒரு கோப்பைத் திறக்கவும் ஓர் இணைப்பைத் தொடங்கவும் கெர்னலிடம் விண்ணப்பிக்கின்றன. அந்த விண்ணப்பத்துக்குச் சிஸ்டம் கால் என்று பெயர். எல்லா விண்ணப்பங்களும் வந்து சேரும் இடம் கெர்னல் என்பதால், எதையும் தவறவிடாமல் பார்க்க விரும்பும் ஏஜென்ட் கெர்னலுக்குள்ளோ அதன் வாயிலிலோ நின்றாக வேண்டும். வெளியே நின்று சில நொடிகளுக்கு ஒருமுறை இயங்கும் நிரல்களின் பட்டியலைப் படிக்கும் ஏஜென்ட், அந்த இடைவெளிக்குள் தொடங்கி முடிந்துவிடும் தாக்குதலை அறியவே அறியாது.

லினக்ஸ் கெர்னலைப் பேணுவோர் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த காலத்திலிருந்து வளர்ந்துவந்த ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றனர். பயனர் வெளியில் ஓடும் நிரலைக் கெர்னல் மாற்றம் எதுவும் உடைக்கலாகாது என்பது அதன் ஒரு பாதி. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலும் இன்றைய கெர்னலில் ஓட வேண்டும் என்பதில் டோர்வால்ட்ஸ் மிகக் கடுமையானவர். கெர்னலுக்கு உள்ளே இருக்கும் அமைப்புகளுக்கு இந்த உறுதி எதுவும் கிடையாது என்பது மறுபாதி. உள்ளமைப்பை நிலையாக வைத்திருப்பது மோசமான வடிவமைப்பைக் காலத்துக்கும் சுமப்பதாகிவிடும் என்று வாதிட்டு கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஓர் ஆவணம் கெர்னலின் மூலநிரலோடு சேர்த்தே விநியோகிக்கப்படுகிறது. கெர்னலை வளர்ப்போரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வாதம் வலுவானது. அதன் விலையைச் செலுத்துவோர், கெர்னலுக்கு உள்ளே இடம் தேடும் வெளியார், அவர்களில் முதன்மையாகப் பாதுகாப்பு நிறுவனத்தார்.

அவர்கள் உள்ளே நுழைந்த பழைய வழி கெர்னல் மாட்யூல். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் பின்னர் செருகப்பட்டு, அதன் முழு அதிகாரத்தோடும் இயங்கும் நிரல் துண்டு அது. மாட்யூல் தன்னை உருவாக்கிய கெர்னல் பதிப்பின் அடையாளத்தைத் தாங்கியிருப்பதால், பொதுவாக வேறு பதிப்பு அதை ஏற்காது. உபுண்டு போன்ற வழங்கல்கள், அதாவது கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் தொகுத்து வெளியிடும் லினக்ஸ் வகைகள், சில வாரங்களுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களோடு புதிய கெர்னலைத் தருகின்றன. உபுண்டு 22.04 என்ற ஒரே பெயரின் கீழ் ஒரு கணினியில் 5.15 கெர்னலும், புதிய வன்பொருளுக்கான கிளையைத் தேர்ந்த இன்னொன்றில் 6.8 கெர்னலும் ஓடலாம். அமேசான், அஷூர் போன்ற மேகக்கணினிச் சேவைகளுக்கென்று தனித்தனிக் கெர்னல்களும் உண்டு. ஆகவே பட்டியலில் உபுண்டு 22.04 என்று மட்டும் எழுதியிருந்தால் அது முழுமையான பதில் ஆகாது. கணினியில் எந்தக் கெர்னல் ஓடுகிறது என்பதைக் கடைசிப் புள்ளிவரை பார்த்து, நிறுவனம் வெளியிட்ட கெர்னல் பட்டியலோடு ஒப்பிட்டாக வேண்டும். பட்டியலில் இல்லாத கெர்னலைக் கண்டால் சில ஏஜென்ட்டுகள் குறைந்த செயல்பாட்டு நிலை என்ற ஒன்றுக்கு இறங்கிவிடுகின்றன: நின்றுபோவதில்லை, ஆனால் காண வேண்டியவற்றில் பெரும்பகுதியைக் காண்பதுமில்லை.

ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தயாரித்து அனுப்புவதற்குப் பதிலாக, மூலநிரலை அனுப்பி அந்தந்தக் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளச் செய்வது மாற்று வழி. இதற்கு டெல் நிறுவனம் உருவாக்கிய டிகேஎம்எஸ் என்ற கருவி பரவலாகப் பயன்படுகிறது; புதிய கெர்னல் வந்ததும் அது மாட்யூலைத் தானே மீண்டும் தொகுக்கிறது. அவ்வாறு செய்யக் கணினியில் மூலநிரலைத் தொகுக்கும் கம்பைலரும், கெர்னலின் உள்ளமைப்பை விவரித்து, ஓடும் கெர்னலுக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தும் ஹெடர் கோப்புகளும் இருக்க வேண்டும். இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. சர்வர்களை இறுக்கிப் பூட்டுவதற்கான பொதுவான நெறிகள், நுழைந்துவிட்ட எதிரிக்கு உதவும் என்று கருதிக் கம்பைலரை அங்கே வைக்கலாகாது என்கின்றன. காவலுக்கு வரும் ஏஜென்ட்டோ அதே கம்பைலரைக் கேட்கிறது. இரண்டு துறைகள் தனித்தனியே எழுதிய விதிகள் ஒரே கணினியில் மோதும்போது, நிறுவல் பொறியாளர் எதையேனும் ஒன்றை ஓசையில்லாமல் மீறிவிட்டுப் போகிறார்.

செக்யூர் பூட் என்ற வசதி இயங்கும் கணினிகளில் இன்னொரு படி கூடுகிறது. கணினி தொடங்கும்போதே நம்பகமான கையொப்பம் கொண்ட நிரல்கள் மட்டும் ஏற்றப்பட வேண்டும் என்று வற்புறுத்தும் இந்த வசதி, வழங்கல்களின் வழக்கமான அமைப்பில் கையொப்பமிடாத மாட்யூலை உள்ளே விடாது. பாதுகாப்பு நிறுவனத்தின் சாவியைக் கணினி உரிமையாளரின் சாவிகளோடு பதிவு செய்தால் வழி திறக்கும். ஆனால் அந்தப் பதிவை, கணினி மீண்டும் தொடங்கும் வேளையில், இயங்குதளம் எழுவதற்கு முன் தோன்றும் ஒரு திரையில் உறுதிப்படுத்த வேண்டும். மேசையில் இருக்கும் ஒரு கணினிக்கு இது சில நிமிட வேலை. தொலைதூரத் தரவு மையத்தில் அடுக்கியிருக்கும் பல நூறு சர்வர்களுக்கு இது ஒரு தனித் திட்டம். தேவைப் பட்டியலில் இது பல வேளைகளில் அடிக்குறிப்பாக மட்டும் இருக்கும்.

மாட்யூலில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் முழுக் கெர்னலும் விழுந்துவிடும் என்பதால், கடந்த பத்தாண்டுகளில் பாதுகாப்பு நிறுவனங்கள் இ-பிபிஎஃப் என்ற வழிக்கு நகர்ந்திருக்கின்றன. அதன் வேர் 1990-களின் தொடக்கத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஸ்டீவன் மெக்கான், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வலையமைப்புப் பொட்டலங்களை வடிகட்ட வடிவமைத்த ஒரு சிறு மெய்நிகர் இயந்திரம். அலெக்ஸி ஸ்டாரோவோய்டோவின் முயற்சியால் அது விரிவாக்கப்பட்டு 2014-இல் 3.18 கெர்னலில் புதிய உருவம் பெற்றது. வெளியிலிருந்து வரும் சிறு நிரலைக் கெர்னல் தன் உள்ளே ஓட்டுகிறது. ஓட்டுவதற்கு முன் சரிபார்ப்பான் என்ற பகுதி அந்நிரலின் ஒவ்வொரு பாதையையும் ஆராய்ந்து, அது முடிவில்லாமல் சுழலாது, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடாது என்று உறுதி செய்துகொள்கிறது. உறுதி கிடைக்காத நிரல் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. கம்பைலர் வேண்டாம், மாட்யூல் கையொப்பம் வேண்டாம், கெர்னலை வீழ்த்தும் வாய்ப்பும் பெரிதும் குறைவு.

ஆனால் இவ்வழியும் தன் தேவைகளைக் கொண்டுவந்தது. இ-பிபிஎஃப் ஒரே நாளில் முழுமை பெறவில்லை. அது பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. நிரல் 4,096 கட்டளைகளைத் தாண்டலாகாது என்று முதலில் இருந்த வரம்பு 5.2 கெர்னலில்தான், உரிய அதிகாரத்தோடு ஏற்றப்படும் நிரல்களுக்கு, பத்து லட்சமாக உயர்ந்தது. நிகழ்வுகளை வேகமாகவும் வரிசை குலையாமலும் வெளியே அனுப்பும் வளையத் தாங்கி 5.8-இல் வந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது பிடிஎஃப் எனப்படும் வகைத் தகவல்: கெர்னலின் உள்ளமைப்புகளில் எந்தப் புலம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கெர்னலே சொல்லித்தரும் குறிப்பு அது. அது இருந்தால் ஒருமுறை தொகுத்த நிரலைப் பல கெர்னல்களில் ஓட்டலாம். இல்லாவிட்டால் மீண்டும் ஒவ்வொரு கெர்னலுக்கும் ஹெடர் தேடும் பழைய நிலைக்கே திரும்ப நேரும். திறமூலக் கண்காணிப்பு மென்பொருளான ஃபால்கோவின் வரலாற்றிலேயே இந்தப் படிகளைக் காணலாம். அது முதலில் கெர்னல் மாட்யூலையும், பிறகு கெர்னல்தோறும் தொகுக்க வேண்டிய பழைய இ-பிபிஎஃப் வடிவத்தையும், பின்னர் பிடிஎஃபும் வளையத் தாங்கியும் கொண்ட கெர்னல்களில் எதையும் தொகுக்காமலேயே இயங்கும் புதிய வடிவத்தையும் தந்தது.

இங்கே பதிப்பு எண்ணை நம்பி முடிவெடுப்பவர் ஏமாறுவார். ரெட் ஹேட் நிறுவனம் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கெர்னலுக்கு அதன் வாழ்நாள் முழுவதும் 4.18 என்ற எண்ணையே வைத்திருக்கிறது. உள்ளே பின்னாளைய கெர்னல்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாற்றங்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது, அவற்றுள் இ-பிபிஎஃபின் பிற்கால வசதிகள் பலவும் அடக்கம். எனவே கெர்னல் 5.8 அல்லது அதற்கு மேல் என்று மட்டும் சொல்லும் பட்டியலின்படி தகுதியற்றதாகத் தோன்றும் கணினி உண்மையில் தகுதியுடையதாக இருக்கலாம். மறுபுறம், தன் தேவைக்கு ஏற்பத் தானே தொகுத்த கெர்னலை ஓட்டும் நிறுவனத்தில் எண் 6-ஐத் தாண்டியிருந்தும், தொகுக்கும்போது ஒரு விருப்பத்தை அணைத்துவிட்டதால் பிடிஎஃப் இல்லாமல் இருக்கலாம். எண்ணைக் கேட்பதைவிட, தேவையான வசதி இருக்கிறதா என்று கணினியையே கேட்டறிவது சரியான முறை; நன்கு எழுதிய நிறுவல் நிரல்கள் அப்படித்தான் செய்கின்றன.

சரிபார்ப்பான் இருப்பதால் இ-பிபிஎஃப் ஒருபோதும் கெர்னலை வீழ்த்தாது என்ற நம்பிக்கையும் 2024-இல் அசைந்தது. அவ்வாண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான உள்ளடக்கக் கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதை எல்லாரும் அறிவர். லினக்ஸும் மேக்கும் அந்நாளில் பாதிக்கப்படவில்லை என்பதும் பரவலாகப் பேசப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே ரெட் ஹேட், எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9.4-இன் 5.14.0-427.13.1 என்ற கெர்னலில் அதே நிறுவனத்தின் ஏஜென்ட் இ-பிபிஎஃப் வழியில் ஓடும்போது கெர்னல் நின்றுபோவதாகத் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்திருந்ததைச் சிலரே கவனித்தனர். லினக்ஸ் இவ்வகை விபத்துக்கு அப்பாற்பட்டது என்று ஜூலைக்குப் பின் எழுந்த பெருமிதத்துக்கு அடிப்படை குறைவு. அங்கே ஒரே கெர்னலை ஒரே நாளில் எல்லாரும் ஓட்டுவதில்லை. விபத்து நேர்ந்தாலும் அது சிதறி நேர்கிறது, செய்தியாவதில்லை.

மாட்யூலும் இ-பிபிஎஃபும் தவிர, கெர்னலே முறையாகத் திறந்துவைத்த சில வாயில்களும் உண்டு. தொடக்க காலத்து வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சிஸ்டம் கால் அட்டவணையையே மாற்றி எழுதி, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வழிமறித்தன, 2.6 வரிசையில் அந்த அட்டவணை மாட்யூல்களின் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டது. நெடிய விவாதங்களுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் வெளிவந்த 2.6.37 கெர்னலில் ஃபேனோட்டிஃபை என்ற வாயில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு நிரல் கோப்பைத் திறக்க முற்படும்போது கெர்னல் அதை நிறுத்திவைத்து, பயனர் வெளியில் இருக்கும் காவல் நிரலிடம் விடலாமா என்று கேட்கும். ஆம் என்ற பதில் வந்த பிறகே கோப்பு திறக்கும். டிஃபெண்டரின் லினக்ஸ் ஏஜென்ட் இந்த வாயிலைத் தன் தேவைகளில் ஒன்றாக எழுதியிருப்பதோடு, இதே வாயிலைப் பயன்படுத்தும் மற்றொரு பாதுகாப்பு மென்பொருளோடு சேர்ந்து இயங்குவதற்குத் தான் ஆதரவு தருவதில்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. காரணம் எளிது. இரண்டு காவலர்கள் ஒரே வாயிலில் நின்றால், முதலாமவர் ஆய்வுக்காகத் திறக்கும் கோப்பை இரண்டாமவர் நிறுத்துவார், இரண்டாமவர் திறப்பதை முதலாமவர் நிறுத்துவார். கணினி மெதுவாகும், சில வேளை ஒருவர் பதிலுக்கு மற்றவர் காத்திருந்து அசைவற்றுப் போகும். லினக்ஸின் தணிக்கை அமைப்பிலும் இத்தகைய போட்டி உண்டு: கெர்னலின் தணிக்கைச் செய்திகளை முதன்மையாகப் பெறும் இடத்தில் ஒரே ஒரு நிரல்தான் அமர முடியும், புதிதாக வரும் ஏஜென்ட் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் முன்பு இருந்தது வெற்றுப் பதிவேட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே தேவைகளில் எவை இருக்க வேண்டும் என்பதோடு எவை இருக்கலாகாது என்பதையும் படிக்க வேண்டும். பழைய ஏஜென்ட்டை முழுமையாக நீக்காமல் புதியதை நிறுவுவதுதான் இத்துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

கெர்னலைத் தாண்டிய தேவைகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல, ஆனால் அவையும் நிறுவலை நிறுத்தும். ஏஜென்ட் பயனர் வெளியில் ஓடும்போது ஜிலிப்சி எனப்படும் அடிப்படை நூலகத்தைச் சார்ந்திருக்கும். எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இல் அது 2.17 பதிப்பு, 8-இல் 2.28, 9-இல் 2.34. புதிய பதிப்பை எதிர்பார்த்துத் தொகுத்த நிரல் பழையதில் தொடங்கவே தொடங்காது. பழையதற்குத் தொகுத்தது புதியதில் ஓடும். ஆல்பைன் என்ற சிறிய வழங்கல் ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் என்ற வேறு நூலகத்தைப் பயன்படுத்துவதால், அதற்கெனத் தனியே தொகுக்காத ஏஜென்ட் அங்கே இடம்பெறாது. கன்டெய்னர்கள் பெரும்பாலும் ஆல்பைன் மீது கட்டப்படுகின்றன என்ற செய்தி சிலரைக் கலங்கச் செய்கிறது. ஆனால் கன்டெய்னர் என்பது தனிக் கெர்னல் இல்லாமல், தன்னைத் தாங்கும் கணினியின் கெர்னலையே பகிர்ந்துகொள்வது என்பதால், ஏஜென்ட்டை ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் நிறுவுவது வீண்வேலை, தாங்கும் கணினியில் ஒன்று இருந்தால் போதும். தாங்கும் கணினியின் மூலக் கோப்பமைப்பே எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால், ஏஜென்ட்டையும் சிறப்பு அதிகாரம் கொண்ட ஒரு கன்டெய்னராக அங்கே ஓட்ட வேண்டியிருக்கும். அப்படி அதிகாரம் கொடுத்த கன்டெய்னரே தாக்குபவரின் கைக்குப் போனால் முழுக் கணினியும் போய்விடும் என்பதால், அதற்கு இசைவு தருவோர் தெரிந்தே தர வேண்டும். இவற்றோடு, தற்காலிகக் கோப்புகளின் அடைவில் எந்த நிரலும் ஓடலாகாது என்று பூட்டிவைக்கும் வழக்கம் பல சர்வர்களில் உண்டு. நிறுவல் நிரல் அதே அடைவில் தன்னை விரித்துக்கொண்டு ஓட முயன்று, புரியாத ஒரு பிழைச்செய்தியோடு நின்றுவிடும்.

மேக் கணினிகளின் கதை வேறு வகையானது. ஆப்பிள் நிறுவனம் நெடுங்காலம் கெர்னல் விரிவாக்கம் என்ற பெயரில் மற்றவர்களின் நிரல்களைத் தன் கெர்னலுக்குள் அனுமதித்திருந்தது. 2017-இல் வெளிவந்த ஹை சியரா பதிப்பு, அவற்றை ஏற்றுவதற்குக் கணினிப் பயனரின் வெளிப்படையான ஒப்புதலைக் கேட்கத் தொடங்கியது. 2019-இல் கேட்டலினா பதிப்பு, சிஸ்டம் விரிவாக்கம் என்ற புதிய வடிவத்தையும், அதனுள் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி என்ற கட்டமைப்பையும் அறிமுகப்படுத்தியது. இவை கெர்னலுக்கு வெளியே நின்று அதனிடமிருந்து நிகழ்வுகளைப் பெறுகின்றன. 2020-இன் இறுதியில் வந்த எம்1 சில்லு கொண்ட கணினிகளில், பழைய வகைக் கெர்னல் விரிவாக்கத்தை ஏற்ற விரும்புபவர் கணினியை மீட்பு நிலையில் தொடங்கி, அதன் பாதுகாப்புத் தரத்தையே ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். காவல் மென்பொருளை நிறுவுவதற்காகக் கணினியின் சொந்தக் காப்பைக் குறைத்துக்கொள்ளும் நிபந்தனையை எந்த நிறுவனமும் ஏற்க முன்வராது. ஆப்பிள் பழைய வழியைத் தடை செய்யாமலேயே முடித்துவைத்தது.

புதிய வழியின் தேவைகள் மூன்று தரப்பிலிருந்து வருகின்றன. முதலாவது ஆப்பிளிடமிருந்து: எண்ட்பாயின்ட் செக்யூரிட்டியைப் பயன்படுத்த விரும்பும் நிறுவனம் அதற்கான உரிமத்தை ஆப்பிளிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும், மென்பொருளைக் கையொப்பமிட்டு ஆப்பிளின் சோதனைக்கு அனுப்பி நோட்டரைசேஷன் என்ற சான்றையும் பெற வேண்டும். இது வாங்குபவர் கவலைப்பட வேண்டியதல்ல. இரண்டாவது, சிஸ்டம் விரிவாக்கத்தை இயக்க ஒப்புதல். மூன்றாவது, முழு வட்டு அணுக்கம் என்ற அனுமதி: பயனரின் அஞ்சல், செய்திகள், காப்புப் பிரதிகள் போன்றவற்றை ரூட் எனப்படும் உச்ச நிர்வாக அதிகாரம் கொண்ட நிரலும் தொடலாகாது என்று 2018-இன் மொஹாவே பதிப்பு முதல் ஆப்பிள் கட்டிய அரணைத் தாண்டுவதற்கான சீட்டு அது. லினக்ஸில் ரூட் என்பவருக்கு ஏறத்தாழ எல்லாம் திறக்கும் என்று பழகிய நிர்வாகிகள் இங்கேதான் தடுமாறுகின்றனர். ரூட் உரிமையோடு நிறுவல் முடிந்துவிடும், வெற்றி என்ற செய்தியும் வரும். முழு வட்டு அணுக்கம் தராத ஏஜென்ட்டோ, எண்ட்பாயின்ட் செக்யூரிட்டியோடு இணையவே அனுமதி கிடைக்காமல் கைகட்டி நிற்கும்.

ஒரு கணினியானால் அமைப்புகள் திரையில் இவ்வனுமதிகளைக் கையால் கொடுக்கலாம். நூறு கணினிகளானால் எம்டிஎம் எனப்படும் கருவி மேலாண்மைச் சேவை தேவை. நிறுவனத்தின் எல்லா மேக்குகளுக்கும் அமைப்புக் கோப்புகளை மையத்திலிருந்து அனுப்பும் முறை அது. ஏஜென்ட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு ஆப்பிள் தந்த பத்து எழுத்து அடையாளத்தைக் குறிப்பிட்டு விரிவாக்கத்துக்கு ஒப்புதலும், தனிக் கோப்பில் முழு வட்டு அணுக்கமும், வலையமைப்பு வடிகட்டிக்கு இன்னொரு ஒப்புதலும் அனுப்ப வேண்டும். இவை ஏஜென்ட்டுக்கு முன்பே கணினியை அடைய வேண்டும் என்ற வரிசை முக்கியம். பிந்தினால் பயனரின் திரையில் ஒப்புதல் கேட்டுப் பெட்டிகள் தோன்றும், அவர் வேலை அவசரத்தில் வேண்டாம் என்பதை அழுத்திவிடுவார். ஆகவே மேக்கின் உண்மையான தேவைப் பட்டியலில் முதல் வரி எம்டிஎம் என்றே இருக்க வேண்டும், பல பட்டியல்களில் அது கடைசியில் இருந்தாலும்.

எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி ஒரு காலக்கெடுவையும் விதிக்கிறது. ஒரு செயலை அனுமதிக்கலாமா என்று கெர்னல் கேட்கும் கேள்விக்கு ஏஜென்ட் குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால், கெர்னல் அந்த ஏஜென்ட்டையே கொன்றுவிடும். கணினி உறையாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது. மென்பொருள் தொகுக்கும் கணினிகளில், சில நொடிகளுக்குள் ஆயிரக்கணக்கான சிறு நிரல்கள் தொடங்கி முடியும்போது, இக்கெடு நெருக்கடியாகிறது. ரேம் எவ்வளவு என்பதைவிட அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதே ஏஜென்ட்டின் சுமையைத் தீர்மானிக்கிறது. லினக்ஸ் சர்வர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பதால், தேவைப் பட்டியலில் உள்ள குறைந்தபட்ச அளவை வெறுமனே ஓய்ந்திருக்கும் கணினிக்கான அளவு என்று கொள்வது நலம்.

ஆப்பிளின் ஆண்டுதோறுமான புதிய பதிப்பு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது. அதன் முதல் வாரங்கள் ஏஜென்ட்டுகளுக்குச் சோதனைக் காலம். 2022-இல் வென்ச்சுரா பதிப்புக்கு மாறிய கணினிகளில் பாதுகாப்பு மென்பொருள்களுக்குக் கொடுத்திருந்த முழு வட்டு அணுக்கம் செயலிழந்தது. அமைப்புகள் திரையில் அனுமதி இருப்பதாகவே காட்டியது. 2024 செப்டம்பரில் வந்த செக்கோயாவில் பல நிறுவனங்களின் வலையமைப்பு வடிகட்டிகள் குலைந்து, 15.0.1 திருத்தம் வரும்வரை இணைப்புகள் தடைபட்டன. இரண்டிலும் பழுது இயங்குதளத்தின் பக்கம் இருந்தது, ஆனால் தொலைபேசி ஒலித்தது ஏஜென்ட்டை நிறுவியவரின் மேசையில்.

ப்ராசஸர் வகை பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. இன்டெல் வகைக்குத் தொகுத்த ஏஜென்ட் ஆர்ம் வகைக் கணினியில் நேரடியாக ஓடாது. ஆப்பிளில் இரண்டுக்கும் பொதுவான தொகுப்புகள் வழக்கமாகிவிட்டன, லினக்ஸில் அமேசானின் கிராவிடன் போன்ற ஆர்ம் சர்வர்கள் பெருகியும், தேவைப் பட்டியலில் ஆர்முக்கான வரிசை குட்டையாகவே இருக்கிறது. ஏஐஎக்ஸ், சோலாரிஸ் போன்ற பழைய யூனிக்ஸ்களுக்கு ஏஜென்ட் தரும் நிறுவனங்கள் மிகச் சில. அங்கே பதிவேடுகளை மையத்துக்கு அனுப்புவதோடு நிறைவு கொள்வதே பெரும்பாலும் நடைமுறை.

வலையமைப்பில் பொதுவாக 443 என்ற ஒரே போர்ட் வெளியே திறந்தால் போதும்; மையச் சர்வரைத் தானே நடத்தும் வாஸு போன்ற திறமூல மென்பொருளுக்கு 1514, 1515 ஆகிய போர்ட்டுகள் வேண்டும். சிக்கல் போர்ட்டில் இல்லை. நிறுவனத்தின் ப்ராக்ஸி மறைகுறியாக்கத்தைப் பிரித்துப் பார்த்து மீண்டும் தன் சான்றிதழோடு மூடி அனுப்பினால், தன் சர்வரின் சான்றிதழை மட்டுமே ஏற்கும் ஏஜென்ட் அந்த இணைப்பை நிராகரித்துவிடும். விதிவிலக்குப் பட்டியலில் அந்த முகவரிகளைச் சேர்ப்பது நிறுவலுக்கு முன் செய்ய வேண்டிய வேலை. கணினியின் கடிகாரம் பிசகியிருந்தாலும் சான்றிதழின் காலம் பொருந்தாமல் இணைப்பு அறும். இந்தியாவில் கடிகாரம் சட்டக் கடமையும்கூட: இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை ஒட்டி நடக்கும் சர்வர்களோடு, கணினிகளின் நேரத்தை இணைக்கவும், பதிவேடுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்கவும் கட்டளையிடுகிறது. ஏஜென்ட் சேகரிக்கும் பதிவுகள் வெளிநாட்டுச் சர்வரில் மட்டுமே தங்குமானால், அந்தக் கடமையை வேறு எப்படி நிறைவேற்றுவது என்று வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

ஆதரவுப் பட்டியலில் பெயரே இல்லாத வழங்கல்களின் நிலை தனியே பேசத்தக்கது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனுக்கான ஏஜென்ட் அதில் தொழில்நுட்ப அளவில் ஓடக்கூடும், ஆனால் நிறுவல் நிரல் வழங்கலின் பெயரைப் படித்துவிட்டு மறுக்கலாம், மறுக்காமல் ஓடிய பிறகு பழுது நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது. பெயரை மாற்றிக்காட்டி நிறுவும் குறுக்குவழி பல இடங்களில் கையாளப்படுகிறது. அது அடுத்த கெர்னல் வரும்வரைதான் தாங்கும். காலாவதியான பதிப்புகளின் நிலை இன்னும் கடினம். சென்ட்ஓஎஸ் 7-க்கான பேணுகை 2024 ஜூன் 30 அன்று முடிந்தது, அதன் 3.10 கெர்னலில் இ-பிபிஎஃப் வழியைப் பற்றிக்கொள்ள இடம் மிகக் குறைவு. இனித் திருத்தங்களே வராத இக்கணினிகளுக்குத்தான் காவல் அதிகம் தேவை, புதிய ஏஜென்ட்டுகள் நிற்க இடம் இல்லாததும் அவற்றில்தான். பழைய ஏஜென்ட் பதிப்பைத் தேடிப் பிடித்து அதில் பொருத்துவது மனநிறைவை மட்டுமே தரும். அக்கணினியை வலையமைப்பில் தனியே ஒதுக்கி, அதற்குள் போகும் வரும் இணைப்புகளை வெளியிலிருந்து கண்காணிப்பது அதைவிடப் பயனுள்ளது.

இத்தேவைகள் அனைத்தும் கடைசியில் ஒரு நிர்வாக முடிவில் வந்து நிற்கின்றன. கெர்னலில் கடுமையான ஓட்டை ஒன்று வெளியாகி, வழங்கல் அன்றே திருத்தம் தருகிறது; பாதுகாப்பு நிறுவனமோ அந்தப் புதிய கெர்னலுக்கான ஆதரவை அறிவிக்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்கிறது. ஏஜென்ட் குருடாகிவிடும் என்று அஞ்சித் திருத்தத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் வேரூன்றியிருக்கிறது, பல ஒப்பந்தங்களே அதை வற்புறுத்துகின்றன. தாக்குபவர்க்குத் தெரிந்துவிட்ட ஓட்டையைத் திறந்துவைத்துவிட்டு, அதன் வழியே நுழைபவரைக் காண்பதற்காக ஓர் ஏஜென்ட்டை விழித்திருக்கச் செய்வது தலைகீழான ஏற்பாடு. புதிய கெர்னலில் ஏஜென்ட் கெர்னலையே வீழ்த்தும் என்று அறிவிப்பு வந்திருந்தால் ஒழிய, திருத்தத்தை முதலில் இட்டு, ஏஜென்ட் குறைந்த நிலையில் இருக்கும் நாட்களுக்கு வலையமைப்புக் கண்காணிப்பைக் கூட்டுவதே மேல். வாங்கும்போதே விலைப்புள்ளி கோரும் ஆவணத்தில் ரேம் அளவுக்கு முன்பாக, புதிய கெர்னல் வெளியான எத்தனை நாளுக்குள் ஆதரவு தரப்படும், ஆதரவு இல்லாத கெர்னலில் ஏஜென்ட் எதை இழக்கும், அந்த இழப்பு மையத் திரையில் பச்சையல்லாத வேறு நிறத்தில் தெரியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு விற்பனையாளர் தரும் விடையை, பட்டியலில் இல்லாத ஒரு கெர்னலை ஒரு சோதனைக் கணினியில் வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்து, அரை நாளில் சரிபார்த்துவிட முடியும்.